சிறிய கீறலும் ஆறும் காலமும்

ஆடி முடிந்தால் முகூர்த்த நாட்கள். "பொண்ணுக்குக் கல்யாணம், பதினைஞ்சு நாள்ல முகம் சரியாகிடுமா டாக்டர்?" என்ற கேள்வி நம் அறைகளில் ஒலிக்கத் தொடங்கும். "கீறல் சின்னதுதான், ஒரு வாரத்தில் வெளியே போகலாம்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதிலை நாம் கைவிட வேண்டும்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் டொனார்டும் வெர்பேலும் வகுத்த மேக்ஸ் லிஃப்ட் என்ற குறுங்கீறல் ஃபேஸ்லிஃப்ட் முறையை எடுத்துக்கொள்வோம். கீறல் காதுக்கு முன்புறம் ஏறி, கிருதாவின் கீழோரமாகப் பொட்டுவரை சென்று நின்றுவிடுகிறது. காதுக்குப் பின்னால் தழும்பே இல்லை. ஆனால் தோலுக்கு அடியில் நடப்பது சிறிய வேலையல்ல. கன்னத்தில் தோல்மடல் பிரிக்கப்படுகிறது. ஸ்மாஸ் படலம் தையல் வளையங்களால் அள்ளி இழுக்கப்பட்டுப் பொட்டின் ஆழ்திசு உறையில் கட்டப்படுகிறது. ரத்தம் கசிந்து சேர்வதற்கு அங்கே போதிய இடம் உண்டு.

ஃபேஸ்லிஃப்டில் நாம் அதிகம் சந்திக்கும் சிக்கல் ரத்தக்கட்டுதான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே வருகிறது. ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. வெறும் வயிற்றில் வரச் சொன்னோம் என்பதற்காகக் காலை பி.பி. மாத்திரையையும் விட்டுவிட்டு வருபவர்கள் எத்தனை பேர்! எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்பதை மயக்க மருத்துவரிடம் கலந்து தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டாமா? அன்றிரவு வாந்தி, இருமல், அடக்காத வலி எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். ஒரு பக்கம் மட்டும் வலி கூடி வீக்கம் இறுகினால், மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்வது தவறு. உடனே கட்டைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் மடலின் தோலே கருகிவிடக்கூடும்.

புகையும் அப்படித்தான். புகைப்பவர்களுக்குத் தோல் அழியும் ஆபத்து சுமார் 12 மடங்கு என்று 1984-இலேயே ரீஸ் குழுவினர் காட்டிவிட்டார்கள். கீறலைக் குறுக்கினால் இந்த ஆபத்து இல்லாமல் போய்விடாது.

ஆறும் காலத்தையும் உள்ளபடி சொல்வோம். முகத் தையல் பிரிக்க ஐந்து முதல் ஏழு நாட்கள். கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம், சிலருக்கு மேலும் சில நாட்கள். கன்னத்தின் மரமரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். நம் மாநிறத் தோலில் தழும்பு முதலில் கருத்து, பிறகே மெல்ல வெளுக்கும். அதற்கு ஓராண்டும் ஆகலாம். கழுத்துத் தோல் மிகவும் தொங்கியவருக்கு இந்தக் குறுங்கீறல் முறை போதாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் நிறுவனம் ஏறக்குறைய ஒரு மணி நேர அறுவை, விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்று விளம்பரம் செய்து வளர்ந்தது. ஊழியர்களே நோயாளிகள்போல் இணையத்தில் பாராட்டு எழுதியதற்காக 2009-இல் நியூயார்க் மாநிலத்துக்கு 3 லட்சம் டாலர் கட்டியது. 2015-இல் திடீரென மூடப்பட்டது. அதே மொழியில் அமைந்த விளம்பரங்களை இன்று நம் ஊர்களிலும் காண்பது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால், அறுவையைக் கல்யாணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செய்யும் நாளில், முதல் இரவு அழைத்தால் மருத்துவரே எடுக்கும் தொலைபேசி எண்ணை நோயாளியிடமும் துணைக்கு இருப்பவரிடமும் கொடுத்தனுப்புங்கள். உங்கள் மருத்துவமனையில் தரும் வீட்டுக் கவனிப்புத் தாளின் படி ஒன்றை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். எல்லோரும் பயன்படுத்தத்தக்க ஒரு பொதுத் தாளைச் சேர்ந்து உருவாக்குவோம்.