அழகர்மலையின் குட்டி ஆறு



சித்திரை மாதம் மதுரைக்குப் போயிருக்கிறீர்களா? கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். ஆனால், ஆற்றில் தண்ணீர்? பெரும்பாலும் வைகை அணையிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு! 258 கிலோ மீட்டர் நீளமுள்ள ஆறு, கோடையில் மணலாகக் கிடக்கிறது.

வேடிக்கை என்ன தெரியுமா? அழகர் புறப்பட்டு வருகிறாரே, அந்த அழகர்மலையில் ஒரு குட்டி ஆறு கோடையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் சிலம்பாறு. நூபுர கங்கை என்றும் சொல்வார்கள். (நூபுரம் என்றாலும் சிலம்புதான்!) சங்க நூலான பரிபாடலின் 15-ஆம் பாட்டிலேயே சிலம்பாறு என்ற பெயர் இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ. பழமுதிர்சோலை முருகன் கோயிலைத் தாண்டி மேலே போனால், ராக்காயி அம்மன் கோயிலில் தீர்த்தம் கொட்டுவதைப் பார்க்கலாம்.

பெரிய ஆறு காய்ந்து கிடக்க, சின்ன ஆறு ஓடுவது எப்படி? இமயமலை போல இங்கே உருகி வரப் பனி இல்லை. மேலே அணையும் இல்லை.

தண்ணீர் மலைக்குள்ளேயே இருக்கிறது, செல்லங்களே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை, மரத்து இலைகளில் பட்டு வேகம் குறைந்து மெதுவாகத் தரைக்கு வருகிறது. அங்கே சருகு மெத்தை. அதற்கும் கீழே, மண்புழுவும் கறையானும் துளைத்துப் பொலபொலவென்று ஆக்கிய மண். வேர்கள் போன வழியிலேயே நீரும் இறங்கி, பாறை வெடிப்புகளில் புகுந்துகொள்கிறது. பாறைக்குள் அவசரமாக ஓட முடியுமா? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, வெடிப்பு எங்கே வெளியே திறக்கிறதோ அங்கே ஊற்றாக எட்டிப் பார்க்கிறது. கார்த்திகை மழை பங்குனியில் வெளியே வருவது இப்படித்தான்.

அந்தச் சருகு தீப்பிடித்து எரிந்துவிட்டால்? மழை வெறும் தரையில் அறையும். மண் இறுகிவிடும். நீர் உள்ளே போகாமல் சரிவில் ஓடிவிடும். மழைநாளில் வெள்ளம், மாசியில் வறண்ட பாறை. இத்தனைக்கும் ஒரே ஒரு தீக்குச்சி போதும். புனிதத் தீர்த்தம் என்று கும்பிட்டுவிட்டு, காலி பாக்கெட்டையும் அங்கேயே வீசுகிற பெரியவர்களை என்ன சொல்வது!

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய தட்டுகளைச் சாய்த்து வையுங்கள். ஒன்று வெறும் தட்டு. இன்னொன்றில் மண்ணைப் பரப்பி, மேலே காய்ந்த இலைகளைப் போடுங்கள். இரண்டிலும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். எதில் கடைசிச் சொட்டு எப்போது விழுந்தது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து, எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்