தீக்கு முந்திய எச்சரிக்கை

2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கம் விட்டுச்சென்ற சயனைடு மேடுகளில் புழுதி எழுவதைக் கொண்டே, காற்று வறண்டதென ராபர்ட்சன்பேட்டை மக்கள் அறிவர். சுற்றியுள்ள கரடுகளில் புல் காய்ந்து கிடக்கும் காலமும் அதுவே.

செயற்கைக்கோள் காட்டுத் தீயைக் காண்பது, அது மூண்ட பின்னரே. குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் நாள் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் பண்டிப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தது. வேண்டுவது முன்னறிவிப்பே. இந்திய வன ஆய்வு நிறுவனம் அதனை வெளியிடுகின்றது. எனினும் பரந்த நிலப்பரப்புக்குரிய அவ்வறிவிப்பு ஒவ்வொரு கரட்டின் நிலையையும் கூறவியலாது.

இக்குறையைப் பள்ளிகள் நிரப்பலாம் என்பது எமது கருத்து. இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றுக. காற்று வறள வறள ஈரம் விரைந்து ஆவியாகி, இரண்டின் அளவுகளும் விலகும். பருத்த கட்டை உலர வாரங்கள் ஆகும். மெல்லிய புல்லோ ஓரிரு மணி நேரத்திலேயே காற்றின் வறட்சியை ஏற்றுவிடும். ஆதலின் பிற்பகல் அளவையே குறித்தல் வேண்டும். காலை அளவு ஏமாற்றும். சில நாள் தொடர்ந்து வேறுபாடு ஏறிவரக் காற்றும் வலுத்தால், மறுநாள் வேலியோரம் சருகு கொளுத்துவதைக் களப்பணியாளர் முன்னதாகவே தடுத்தல் வேண்டும்.