வெல்க்ரோவை நம்பாதீங்க!

இங்கே புனேயில் சைக்கிள் சீட்டுப் பை விற்கிறவங்க எல்லாருக்கும் ஒரே பல்லவிதான்: "வெல்க்ரோ ஒட்டினாப் போதும் சார்."

போதாதுங்க! மழைச் சேறும் நூலும் அந்தக் குட்டிக் கொக்கிகள்ல அடைஞ்சா பிடி தளர்ந்துடும். பை தொங்கி டயர்ல உரசும். வார் ஆரக்கால்ல சிக்கினா பின்சக்கரம் நின்னுடும். பின்னாடியே பஸ் வந்தா?

சீட்டுக்கு அடியில ரெண்டு கம்பி இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கிள் வாரைச் சுத்தி இறுக்கணும். மூணாவது வார் சீட் தண்டுக்கு. பை பக்கவாட்டுல ஆடாம தடுக்கிறது அதுதான். மிச்ச நுனியை உள்ளே செருகிட்டு, கையால இழுத்துப் பாருங்க.

கடனுக்கு ஜாமீன் ஒண்ணுக்கு ரெண்டா கேக்கறது எங்க பேங்க் புத்தி. பைக்கும் அதே நியாயம்தான். தண்டு வார் இல்லாத பையை வாங்காதீங்க சாமி!