17 ரூபாய்க்குச் சோம்பேறி ஆனவர்கள்

கொரோனா ஊரடங்கின்போது தொழிலாளர் கையில் அரசு தாராளமாகப் பணம் கொடுக்காமல் விட்டதுதான் இந்தியப் பொருளாதாரத்தைக் காப்பாற்றியது என்று சாதிக்கும் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, வாதம் என்று ஏதாவது தேறுமா என்று பார்க்க.

அரசிடம் பணமில்லை என்று தொடங்குகிறவர், நாலு பத்தி தள்ளி, 2020 மே மாதம் அதே அரசு 20 லட்சம் கோடி ரூபாயை வாரி வழங்கியதாகப் பெருமைப்படுகிறார். இல்லாத பணத்தை எப்படி வாரினார்கள்? அந்தத் தொகையில் ஏறத்தாழ 8 லட்சம் கோடி ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட பணப்புழக்கம். 3 லட்சம் கோடி, சிறுதொழில் கடன்களுக்கு அரசு நின்ற ஜாமீன். ஜாமீன் கையெழுத்துக்கும் கையில் எண்ணிக் கொடுத்த ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் ஏலச்சீட்டு போடும் பெண்ணுக்குத் தெரியும். பொருளாதாரம் எழுதுகிறவருக்குத் தெரியாதா? ஆர்டரே இல்லாமல் தறி நிற்கும்போது கடனை வாங்கி எதை நெய்வது?

இலவசப் பணம் உழைப்பாளியைச் சோம்பேறியாக்கும் என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. எவ்வளவு பணம்? ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். நாளைக்கு 17 ரூபாய்கூட இல்லை. அந்த ஏப்ரலில் எங்கள் ஊர் வங்கி வாசலில் பார்த்தேன்: தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களுக்குள் வரிசையாகச் செருப்புகள், எதிர்ப்புறத் திண்ணை நிழலில் அவற்றின் சொந்தக்காரிகள். பஸ் ஓடாததால் நடந்தே வந்தவர்கள். சோம்பேறிகள் 500 ரூபாய்க்காக வெயிலில் இத்தனை தூரம் நடப்பார்களா?

நூறு நாள் வேலையின் கணக்கு இவர் வாயை நிரந்தரமாக அடைக்கிறது. பட்ஜெட்டில் ஒதுக்கிய 61,500 கோடி போதாமல் மேலும் 40,000 கோடி ஒதுக்க நேர்ந்தது ஏன்? 2020-21இல் சுமார் 7.5 கோடிக் குடும்பங்கள் மண்வெட்டி தூக்கின. கிட்டத்தட்ட 390 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. தமிழ்நாட்டில் அன்று அதற்கு நிர்ணயித்த தினக்கூலி 256 ரூபாய். நகரம் கைவிட்டதும் ஊருக்குத் திரும்பி, கிடைத்த கூலிக்கு வாய்க்கால் தூர்வாரியவனைச் சோம்பேறி என்று எழுத என்ன துணிச்சல் வேண்டும்! இதே மனிதர், 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்ததைத் தொலைநோக்கு என்கிறார். அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று மதிப்பிட்டது அரசேதான். முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம், கூலிக்காரனுக்குக் கொடுத்தால் ஊதாரித்தனம்: இது பொருளாதாரமா, வர்க்கப் பாசமா?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, இந்த வேலையிழப்பை அவர் வழக்கமான மந்தநிலை போலப் பேசுவது. மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் வெளியே வராதே என்று அரசு போட்ட உத்தரவால் போன வேலை அது. வேலைக்குப் போகாதே என்று தடுத்தவர் கொடுக்கவேண்டியது நஷ்டஈடு. அதைத் தர்மம் என்று பேசுவதே பிழை. வீட்டிலிருப்பதுதான் நோய்த்தடுப்பு என்றால் வீட்டிலிருப்பவனின் கூலியும் தடுப்பு மருந்தின் விலைதானே? ஜெர்மனி இதைப் புரிந்துகொண்டது: வேலைநேரம் குறைந்த தொழிலாளியின் இழந்த ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தைக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அப்படி வேலையை இழக்காமல் தப்பினார்கள். நம் அரசு கூலியைக் கொடுக்கவில்லை. ஆகவே மக்கள் நடந்தார்கள். மே 8ஆம் தேதி அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்தில் உறங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது.

பிறகு வளர்ச்சி மீண்டதே என்கிறார். முதல் காலாண்டில் 23.9 சதவீதம் விழுந்த பொருளாதாரம் அடுத்த ஆண்டு அதே குழியிலிருந்து ஏறியதைச் சாதனை என்று விற்கவேண்டாம்.

நிதிப் பற்றாக்குறையைத் தசமப் புள்ளி வரை எழுதத் தெரிந்த அவருடைய கட்டுரையில், நடந்து செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அரசிடமும் இல்லை. ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பரில் மக்களவைக்கு எழுதிக் கொடுத்தது தொழிலாளர் அமைச்சகம்.