போக ஆறரை, வர ஒன்றரை!



போன மாதம் என் பெரியம்மா முதல் தடவையாக விமானம் ஏறினார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு, மகன் வீட்டுக்கு. டிக்கெட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தவர் என்னைக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, போறப்ப ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பிக் காலையில ஆறுக்குப் போகுது. வர்றப்ப எட்டுக்குக் கிளம்பி ஒன்பதரைக்கே வந்துடுது. திரும்பி வர்றப்ப மட்டும் அவ்வளவு வேகமா ஓட்டுவாங்களா?”

பெரியம்மாவின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது. ஆறரையில் அதைக் கழித்தாலும், ஒன்றரையில் அதைக் கூட்டினாலும் விடை ஒன்றுதான்: 4 மணி நேரம்.

இந்த இரண்டரையும் ஆதியிலிருந்து வந்ததல்ல. 1981 முடியும்வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சூரியன் அதற்கெல்லாம் கட்டுப்படுமா? அங்கே இன்றும் பொழுது விடிய ஏறக்குறைய ஏழு மணி ஆகிறது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். இது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். பாதி வழியில் கிரேட் நிக்கோபார் தீவு நெருங்கிவிடும். பிறகு சுமத்ராவின் வடமுனை, மலாக்கா நீரிணை. வான்வழித் தடங்கள், மழை மேகம், இறங்க முறை வரும்வரை போடும் வட்டம் என்று விமானம் பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். காற்றுக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. அந்த வகையில் பெரியம்மாவின் சந்தேகத்தில் சில நிமிட உண்மை இருக்கிறது!

என் தாத்தா இதே ஊருக்கு ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் போனவர். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். கிழக்கே போகும் கப்பல்களில் கடிகாரத்தை வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுவார்கள்; உடம்புக்கும் பழகிப்போகும். விமானத்தில் அந்த இரண்டரை மணி நேரமும் ஒரே ராத்திரியில் பறிபோகிறது. விளைவு, நம் ஊரில் மூன்றரை மணியாக இருக்கும்போது அங்கே விடிகாலை ஆறு. கண் எரிகிறது, சர்க்கரை மாத்திரையை எந்தக் கடிகாரப்படி போடுவது என்று குழப்பம்.

பெரியம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘விமானத்தில் 4 மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே வை. மாத்திரை, டாக்டர் சொன்ன நேரத்துக்கு.’ அதைச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதல் தடவை விமானம் ஏறும்போது, மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, நீங்களும் இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்