முதல் அடியிலேயே குத்தும் குதிகால்

காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றியதுமே குதிகாலில் ஆணி இறங்கியதுபோல ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நொண்டி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். காபி, சமையல், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது என்று ஓடும்போது வலி மறந்தே போகும். மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், மறுபடி அதே ஆணி. மாலையில் பாதம் முழுக்கக் கனத்து வலிக்கும்.

இந்த வரிசையைச் சொன்னாலே போதும், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே பல டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்'. சித்த மருத்துவத்தில் குதிகால் வாதம் என்பார்கள். எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களைத்தான் அதிகம் படுத்துகிறது.

உயிருக்கு ஆபத்தில்லாத வலி என்பதால் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், குதிகால் வலித்தால் முதலில் நிற்பது வாக்கிங். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடையையே மருந்தாக நம்பியிருப்பவருக்கு இது பெரிய இழப்பு. நடை நின்றால் எடை கூடும். கூடிய எடை அதே குதிகாலில்தான் இறங்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நொண்டுபவர்கள் நிறைய.

உள்ளே என்ன நடக்கிறது?

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் உள்வளைவை வில் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பட்டைதான் அதன் நாண். நடக்கும்போது குதிகால் மேலெழும்பி விரல்கள் மடங்கியதும் இந்த நாண் இறுகும், பாத வளைவு உயரும், பாதம் கெட்டிப்பட்டு உடலை முன்னே தள்ளும். கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருவதுபோன்ற இந்த ஏற்பாட்டை 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தால், உள்ளங்காலில் இந்தப் பட்டை விறைப்பாகத் தட்டுப்படும்.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை இரவு முழுக்கத் தளர்ந்து, சுருங்கிய நிலையில் இருக்கும். காலையில் எழுந்து நின்றதும் மொத்த உடல் எடையும் அதைச் சட்டென்று இழுக்கிறது. முதல் அடி அவ்வளவு வலிப்பது அதனால்தான்.

'ஐட்டிஸ்' என்று பெயர் முடிந்தால் மருத்துவத்தில் அழற்சி என்று பொருள். ஆனால் நாள்பட்ட குதிகால் வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டபோது, அங்கே அழற்சியைக் காணவில்லை. நைந்து, சிதைந்த நார்கள்தான் இருந்தன. அடிக்கடி இழுபட்டு, சரியாகப் பழுது பார்க்கப்படாமல் போன கயிற்றின் நிலை. வலி மாத்திரை அன்றைய பொழுதை ஓட்ட உதவுமே தவிர, நைந்த நாரைப் பலப்படுத்தாது. சும்மா படுத்திருப்பதும் அப்படித்தான். அளவான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால்தான் நார் மறுபடி கெட்டிப்படும். அதற்கு மாதங்கள் ஆகும்.

'எலும்பு வளர்ந்திருக்காம்!'

எக்ஸ்ரேயில் குதிகால் அடியில் முள் போன்ற எலும்பு தெரிந்தால் பலரும் கலங்கிப்போகிறார்கள். அந்த முள்தான் குத்துகிறது, வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று நினைக்கிறார்கள். ஆனால் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் இந்த முள் தெரியும். கடுமையான வலி உள்ள பலருக்கு முள்ளே இருக்காது. வலி முழுக்கக் குறைந்த பிறகும் முள் அப்படியேதான் இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

யாருக்கு வருகிறது?

யாருக்கு இந்த வலி அதிகம் வருகிறது என்று அமெரிக்காவில் ஆராய்ந்தபோது மூன்று காரணங்கள் துலக்கமாகத் தெரிந்தன. ஒன்று, கெண்டைக்கால் தசை இறுகி, கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாமல் இருப்பது. இரண்டு, உடல் பருமன். மூன்று, வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது.

மூன்றாவதை ஜவுளிக்கடைப் பெண்களிடம் சொல்லவே வேண்டாம். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை நின்றபடியே புடவை எடுத்துப் போடும் வேலை அவர்களுடையது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்பது பல கடைகளின் எழுதாத சட்டமாக இருந்தது. 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சொல்லிவிட்டன. குதிகால் வலியோடு கடையில் நிற்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உரிமை இது.

வீட்டில் சமைப்பவருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவதையெல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். அடுப்பின் முன்னால் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் செருப்பா?

இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. வெளியே போட்டுப் போகும் செருப்பை உள்ளே போட வேண்டாம். வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஜோடி வாங்கி, கட்டிலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பூஜை அறைக்குள் மட்டும் கழற்றிவிடலாம். காலையில் முதல் அடியே அந்தச் செருப்பில்தான் இருக்க வேண்டும்.

எம்.சி.ஆர். செருப்பு பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, பாதத்தின் உள்வளைவைத் தாங்கவும் வேண்டும். வாங்கும்போது செருப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பார்க்கலாம். விரல் வரும் இடத்தில் மடங்குவது நல்லது. நட்டநடுவில் பேப்பர்போல மடங்கினால் வேண்டாம். பின்னால் வார் இருந்தால் இன்னும் நல்லது. தேய்ந்து தட்டையாகிப்போன ஹவாய் செருப்பை இந்த வலியோடு தொடர்ந்து போடுவது, வெறுங்காலில் நடப்பதைப் போலத்தான்.

பயிற்சிதான் முக்கிய மருந்து

முதலாவது, கட்டிலை விட்டு இறங்கும் முன்பே செய்ய வேண்டியது. வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடையின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கையால் கால் விரல்களைப் பிடித்து, முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும். உள்ளங்காலில் பட்டை விறைப்பது இன்னொரு கைக்குத் தெரியும். பத்து வரை எண்ணி விட வேண்டும். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. நேரம் போவது சில நிமிடங்கள்தான். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும் முன்பும் செய்யலாம்.

இரண்டாவது, கெண்டைக்காலுக்கு. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய வேண்டும். அரை நிமிடம் அப்படியே நின்று, மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

மூன்றாவது, பட்டையைப் பலப்படுத்துவது. மாடிப்படியின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தால் நிற்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்தால் விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும், பட்டை இறுகும். மூன்று எண்ணும்வரை மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். 12 முறை செய்தால் ஒரு சுற்று. மூன்று சுற்று போதும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் செய்ய வேண்டும், இடையில் உள்ள நாள் பட்டைக்கு ஓய்வு. முதலில் இரண்டு காலாலும் தொடங்கி, பழகிய பிறகு ஒற்றைக் காலுக்கு மாறலாம். தடுமாற்றம் உள்ளவர்களும் வயதானவர்களும் படி ஏற வேண்டாம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே செய்யலாம்.

டென்மார்க்கில் 48 பேரிடம் இந்த மூன்றாவது பயிற்சியைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். பட்டையை நீட்டும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட, குதிகாலைத் தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. எந்தப் பயிற்சியானாலும் விடாமல் செய்பவருக்குக் கால் தேறுகிறது.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் தவறில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

செங்கல்லும் ஐஸும்

சூடாக்கிய செங்கல்லின் மேல் எருக்க இலையை வைத்து, அதில் குதிகாலை அழுத்தி எடுப்பது நம் பாட்டிமார் வைத்தியம். வெதுவெதுப்பு இறுக்கத்தைத் தளர்த்தி இதமாக இருக்கும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் என்பதால், இலையைத் தொட்ட கையை உடனே கழுவிவிட வேண்டும். சிலருக்குக் குளிர்ச்சிதான் ஒத்துக்கொள்ளும். சிறிய தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறையவைத்து, மேலே மெல்லிய துணி சுற்றி, உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இரண்டையும் செய்யக் கூடாது. சுட்டது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

ஊசி போடலாமா?

குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் குறைக்கும். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் ஒரு மாத அளவுக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் ஆபத்து உண்டு. குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பும் மெலியலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். பயிற்சி செய்யவே முடியாத அளவுக்கு வலிப்பவருக்கு, தொடங்குவதற்கான ஓர் அவகாசமாக டாக்டர் ஊசியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் குறையாதவர்களுக்கு ஷாக்வேவ் சிகிச்சை இருக்கிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும், அதுவும் கடைசியாக.

வேறு நோயாகவும் இருக்கலாம்

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் கடுமையாக வலித்தால், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், குறிப்பாக 40 வயதுக்குள் இருப்பவர்கள், முடக்குவாத நிபுணரைப் பார்ப்பது நல்லது. வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தாலும், அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

எப்போது குறையும்?

பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் பயிற்சி, பிறகு எண்ணெய், பிறகு வேறு டாக்டர், பிறகு ஊசி என்று தாவுவதுதான் பலருக்கும் வலியை நீட்டிக்கிறது. சமையலறை காலண்டரில் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு டிக், காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டு வரலாம். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால்தான் குறைவது தெரியும். மூன்று மாதமாகியும் மதிப்பெண் அசையவில்லை என்றால், அந்தக் காலண்டரோடு டாக்டரைப் பார்க்கலாம்.

அதுவரை வாக்கிங்கை முழுக்க நிறுத்திவிட வேண்டாம். நல்ல ஷூ போட்டு, சமதளத்தில், வலி கூடாத அளவுக்குப் பத்து நிமிடம் நடக்கலாம். அதுவும் வலித்தால் அந்த வாரங்களில் சைக்கிள் மிதிக்கலாம், உட்கார்ந்தபடியே கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடவில்லை என்றால், அடுத்த வாரம் நடையில் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.