பூட்டுகள் பத்து, சாவி ஒன்றா?

ஒரு கல்லூரி மாணவருக்கு இன்று எத்தனை கடவுச்சொற்கள் தேவைப்படுகின்றன என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும். மின்னஞ்சலுக்கு ஒன்று, தேர்வுக் கட்டணம் கட்ட ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று... இத்தனையையும் நினைவில் வைக்க முடியாமல் பலரும் செய்வது ஒரே வேலைதான். பெயர், பிறந்த ஆண்டு, நடுவில் ஒரு @ குறி. அதையே எல்லா இடத்திலும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் இந்தப் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததே பாதுகாப்பு விதிகள்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

"குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு வேண்டும், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்." அலுவலகக் கணினிகளில் பழகிய எவருக்கும் இந்த விதிகள் மனப்பாடம். இவை உலகம் முழுக்கப் பரவ முக்கியக் காரணம் ஓர் அமெரிக்க அரசு ஆவணம். அங்குள்ள தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பணிபுரிந்த பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய வழிகாட்டி அது. உண்மையான மனிதர்களின் கடவுச்சொற்களை ஆராய அவருக்குப் போதிய தரவு கிடைக்கவில்லை. 1980-களில் வெளியான ஒரு கட்டுரையைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. 2017-இல், ஓய்வு பெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் ஒப்புக்கொண்டார்.

ஏன் வருந்தினார்? விதி கடுமையாகும்போது மனிதன் குறுக்குவழி தேடுவான். மாதா மாதம் மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவான், அடுத்த மாதம் 3 ஆக்குவான். குறியீடு கேட்டால் a-வை எடுத்துவிட்டு @ போடுவான். எண் கேட்டால் பிறந்த ஆண்டைச் சேர்ப்பான். இந்தத் தந்திரங்கள் எல்லாம் திருடர்களின் மென்பொருளுக்கும் தெரியும். முதலில் இவற்றைத்தான் அது முயன்று பார்க்கும். 2017-இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டி, குறியீட்டுக் கட்டாயம் வேண்டாம், காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லவும் வேண்டாம், நீளமான கடவுச்சொல்லை அனுமதியுங்கள் என்று தலைகீழாக மாற்றிச் சொன்னது. கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இருந்தும் பழைய விதிகளை விடாப்பிடியாக வைத்திருக்கும் தளங்கள் இன்னும் ஏராளம்!

சரி, அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் போடுவதில்தான்.

2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்தின் தகவல் தளம் உடைக்கப்பட்டது. சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 123456. 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டவை முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016-இல்தான் அது ஏறத்தாழ 11.7 கோடி என்று தெரிந்தது. அதே ஆண்டு பேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பர்க்கின் ட்விட்டர் கணக்கும் பின்ட்ரெஸ்ட் கணக்கும் சிறிது நேரம் பிறர் கைக்குப் போயின. லிங்க்ட்இனிலிருந்து கசிந்த பழைய கடவுச்சொல்லே காரணம் என்று செய்திகள் வந்தன. அவருக்கே இந்த நிலை!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு தளத்தில் திருடிய பட்டியலை வைத்துக்கொண்டு, அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வேறு நூறு தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். எங்கோ ஒரு விளையாட்டுத் தளம் அலட்சியமாக இருந்தால் இங்கே மின்னஞ்சல் திறந்துகொள்ளும். கடவுச்சொல் இருபது எழுத்தாக இருந்தாலும், அதில் எத்தனை குறியீடுகள் இருந்தாலும், இந்தத் தாக்குதலின் முன் அது உதவாது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? சாவிதான் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கிறதே.

"என் கணக்கில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. மின்னஞ்சல் ஒன்று போதும். "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற இணைப்பை அழுத்தினால் மற்றத் தளங்களின் சாவியெல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்து சேரும். உதவித்தொகைக் கணக்கில் உள்ள வங்கி எண்ணை மாற்றலாம். "அவசரம், கொஞ்சம் பணம் அனுப்பு" என்று நண்பர்களுக்கெல்லாம் செய்தி போடலாம். அனுப்பியவன் யார் என்று தெரியாமல் பணத்தை இழப்பது நண்பனாக இருக்கும்.

எனவே முதல் வேலை, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறெங்கும் பயன்படுத்தாத தனித்தனிக் கடவுச்சொல் வைப்பது. இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஓர் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு முறை திறந்து, விரல் பட்ட நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். திண்ணை, குதிரை, மிளகாய், ரயில் என்பது போல. (இதையே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்!) எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளால் அமைக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஏறத்தாழ 20,900 கோடி. எட்டாயிரம் சொற்களிலிருந்து கண்மூடித்தனமாக எடுக்கும் நான்கு சொற்களுக்கோ சுமார் 41 கோடி கோடி வாய்ப்புகள். மனத்தில் ஒரு படமாகவும் நின்றுவிடும். ஆனால் சினிமாப் பாட்டின் பல்லவி, திருக்குறள், குலதெய்வத்தின் பெயர் ஆகியவை கூடாது. ஒருவருக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும்.

மற்ற இருபது கணக்குகளுக்கு என்ன செய்வது? கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகளிலேயே இந்த வசதி உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டகங்கள் மறைகுறியாக்கிய நிலையில் திருடப்பட்டன. அப்போது அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது முதன்மைக் கடவுச்சொல்லைப் பலவீனமாக வைத்திருந்தவர்கள்தான். ஆக அந்த ஒன்றை மட்டும் நீளமாக, வலுவாக வைத்தால் இருபது இடத்திலும் ஒரே சொல்லைப் போடுவதைவிட இது பல மடங்கு மேல். ஒரே எச்சரிக்கை: கல்லூரி ஆய்வகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்பதே பதில்.

மென்பொருள் பிடிக்காதவர்கள் ஒரு நோட்டில் எழுதி வீட்டு அலமாரியில் வைக்கலாம். எழுதி வைப்பது பாவம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் அலமாரியைத் திறக்க முடியாது. விடுதி அறையில் நான்கு பேரோடு தங்கியிருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது.

இத்தோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் இயக்கிவிட வேண்டும். இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்த ரிசர்வ் வங்கி 2009-லேயே கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதே பாதுகாப்பை மின்னஞ்சலுக்கும் தரலாம். அந்த ஓடிபியைத் தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. வங்கி ஊழியர் என்று சொன்னாலும் சரி, மேலாளர் என்று சொன்னாலும் சரி. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

பயனர்களைக் குறை சொல்வதை நிறுவனங்கள் முதலில் நிறுத்தட்டும். குறியீடு கேட்டுத் தொல்லை செய்யாமல், கசிந்த பட்டியலில் உள்ள கடவுச்சொற்களை மட்டும் மறுக்கட்டும். மனிதனால் பின்பற்ற முடியாத விதி யாரையும் காப்பாற்றாது. பயனர்கள் இன்று இரவே செய்யக்கூடியது ஒன்றுதான்: மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெந்தத் தளத்திலாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்ப்பது. இருந்தால், மாற்றிவிட்டுத் தூங்கப் போகலாம்.